அட்டைக்கு மெத்தை எதற்கு? பழமொழிக்குப் பொருள் தேடுவது பற்றி

எங்கள் பக்கம் அட்டை கடிக்காத ஆள் கிடையாது. மழை விட்ட மறுநாள் தேயிலை மலைக்குள் பத்து நிமிடம் நின்றால் போதும், கணுக்காலில் நூல் மாதிரி ஒன்று ஏறியிருக்கும். வலிக்காது. நாம் கவனிக்கும்போது அது குடித்து முடித்துத் திராட்சைப்பழம் மாதிரி உருண்டிருக்கும், காலில் ரத்தம் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருக்கும். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலில் சவர்க்காரத்தைத் தண்ணீர் தொடாமல் தேய்த்துக்கொண்டு போவார்கள். சிலர் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார்கள். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இடுப்பில் கட்டிய படங்குக்குள் ஒரு துணி முடிச்சில் உப்பு வைத்திருப்பார். ஒரு சிட்டிகை தொட்டு வைத்தால் அட்டை சுருண்டு விழுந்துவிடும்.

அதனால், “அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் தேடும்” என்ற பழமொழியை எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். அட்டையும் தெரியும், செத்தையும் தெரியும். மெத்தைதான் பல வருடம் கழித்துப் பார்த்தது.

தங்கை மகள் ஏழாம் தரம் படிக்கிறாள். போன வருடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதில் இந்தப் பழமொழிக்கு எதிரே “கீழோர் குணம் மாறாது” என்று ஒரே வரி. அவள் கேட்டது வேறு.

“மாமா, மெத்தை நல்லாத்தானே இருக்கும். அட்டை ஏன் எறங்கிப் போகுது?”

செத்தை என்பது உதிர்ந்து மட்கிக்கொண்டிருக்கிற இலை, தழை, குச்சி. மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அட்டை தோல் வழியே மூச்சுவிடுகிற உயிர், தோல் ஈரமாக இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. மெத்தையில் விட்டால் காய்ந்து செத்துப்போகும். ஆக அது செத்தையைத் தேடுவது புத்தி கெட்டு அல்ல, உயிர் தப்புவதற்கு. இந்தப் பழமொழியை முதலில் சொன்னவர் அட்டையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மெத்தைக்காரர்கள் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பழமொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்த இடத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஒரு பழமொழிக்குள் பெரும்பாலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காட்சி இருக்கும். அதைச் சொல்வதற்கென்று ஒரு நேரமும் இருக்கும். இங்கே காட்சி, அட்டையும் செத்தையும். நேரம் எது? டவுனில் நல்ல வேலை வாங்கிக் கொடுத்தும் ஒரே மாதத்தில் விட்டுவிட்டு வந்து, பழைய கூட்டாளிகளோடு தவறணை என்கிற மதுக்கடை வாசலில் நிற்கிற தம்பியைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போது. பயிற்சிப் புத்தகங்கள் காட்சியையும் விட்டு நேரத்தையும் விட்டு, நடுவிலிருந்து ஒரு கருத்தைப் பிழிந்து எடுத்து வைக்கின்றன. பிள்ளைகள் அந்தச் சக்கையை மனப்பாடம் செய்கிறார்கள்.

மரபுத்தொடர் வேறு, பழமொழி வேறு. “கம்பி நீட்டிவிட்டான்” என்பது மரபுத்தொடர். ஓடிவிட்டான் என்ற சொல்லின் இடத்தில் உட்கார்ந்து வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். பழமொழி அடங்காது. வாக்கியத்தை நிறுத்திவிட்டுத் தானே எழுந்து தீர்ப்புச் சொல்லும். தொல்காப்பியம் இதற்கு முதுமொழி என்று பேர் வைத்திருக்கிறது. நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, மென்மை என்று நான்கு தன்மை சொல்லி, “குறித்த பொருளை முடித்தற்கு” வருவது என்கிறது. எடுத்த விஷயத்தை முடித்து வைக்கக் காரணம் காட்டி வருவது என்று இதற்குப் பொருள். இந்த ‘முடித்தல்’தான் எனக்குப் பிடித்த சொல். ஏனென்றால் எங்கள் வீட்டில் பழமொழி வந்ததெல்லாம் சண்டையை முடிக்கத்தான்.

ஒன்று சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை. இதுதான் லயத்தில் ஒரு குடும்பத்தின் பங்கு. எங்கள் காம்பராவில் எட்டுப் பேர். ஒருமுறை பெரிய மாமாவும் சின்ன மாமாவும் சாமித்தட்டை எந்தச் சுவரில் அடிப்பது என்று வாக்குவாதப்பட்டார்கள். கிழக்குப் பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்று ஒருவர், அந்தப் பக்கம் அடுப்புப் புகை என்று மற்றவர். ஆணியும் சுத்தியலும் ஆளுக்கொருவர் கையில். அரை மணி நேரம் போனது. அம்மாயி ரொட்டி தட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார்: “உழக்குக்குள்ள என்னடா கெழக்கு மேக்கு?”

ஆணி எந்தச் சுவரில் இறங்கியதென்று இப்போது நினைவில்லை. பேச்சு அந்த இடத்தில் நின்றது நினைவிருக்கிறது.

உழக்கு என்பது பழைய முகத்தல் அளவு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி. அவ்வளவு சின்னப் பாத்திரத்துக்குள் கிழக்குப் பக்கம் எது, மேற்குப் பக்கம் எது என்று சண்டை போட்டால் எப்படி? அதுதான் காட்சி. வேடிக்கை என்னவென்றால், எங்கள் லயத்தில் யாரும் உழக்கைப் பார்த்ததில்லை. இலங்கையில் அரிசி அளந்தது கொத்திலும் சுண்டிலும். கொழுந்து நிறுத்தது ராத்தலில், பிறகு கிலோவில். உழக்கு கடல் தாண்டி வரவில்லை, அதைப் பற்றிய பேச்சு மட்டும் வந்திருக்கிறது. அம்மாயியிடமே ஒருநாள் கேட்டேன், உழக்கு என்றால் என்னவென்று. “சின்னதாத்தான்டா இருக்கும்” என்றார். பழமொழியைப் பிழையில்லாமல் பயன்படுத்த அவ்வளவு தெரிந்தால் போதுமாயிருந்தது.

மலையகத்தில் பழமொழி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தனி அனுபவம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்த கதை எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரானது; பிறகு நோய் விழுந்து கோப்பி அழிய, மலையெல்லாம் தேயிலையானது. வந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று பெரும்பாலும் வறண்ட ஊர்க்காரர்கள். அவர்களோடு வந்த பழமொழிகளில் ஏரி இருந்தது, களத்துமேடு இருந்தது, பனங்காடு இருந்தது, கழுதை இருந்தது. வந்து சேர்ந்த இடத்தில் இருந்தவை பனியும் அட்டையும்.

“பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். துணிச்சலான ஆளை மிரட்டிப் பார்க்கும்போது அவர் திருப்பிச் சொல்வது. சின்ன வயதில் சலசலப்பு என்றால் எனக்கு ஓடைச் சத்தம்தான். ஓடைச் சத்தத்துக்கு எந்த நரி பயப்படும் என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து ஓர் ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வான் பிடித்துப் போனவர்களோடு நானும் தொற்றிக்கொண்டு, திரும்பும்போது மன்னார் டவுனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். வழியில் வான் சூடாகி நின்றது. இறங்கி ஒரு பனங்கூடலுக்குள் ஒதுங்கினேன். காற்று வந்தது பாருங்கள், தலைக்கு மேலே யாரோ தகரத்தைப் போட்டு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். திடுக்கிட்டு இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். பனையோலை வாழையிலை மாதிரி அல்ல. விசிறி மாதிரி விரிந்து விறைத்து நிற்கும். காய்ந்த ஓலையை வெட்டாமல் விட்டால் மரத்திலேயே தொங்கும். காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசி இரைச்சல் கிளம்பும். புதிதாக வருகிறவன் நடுங்குவான், அங்கேயே குட்டி போட்டு வளர்ந்த நரி காதைக்கூட அசைக்காது. நாற்பது வயதில் எனக்கு அந்தப் பழமொழி விளங்கியது.

அதே பயணத்தில் கழுதையையும் பார்த்தேன். மன்னார் டவுனில் அவை ரோட்டோரம் கூட்டமாக நிற்கும். எங்கள் வானில் வந்த ஒரு பையன் பையிலிருந்த கற்பூரத்தை எடுத்து ஒரு கழுதையின் மூக்கருகே நீட்டினான். அது முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுத் திரும்பிக்கொண்டது. பழமொழி சொல்வது சரியா பிழையா என்று அந்தத் தும்மலை வைத்து எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

பருவம் பற்றிய பழமொழிகள்தான் மலைக்கு வந்து அதிகம் சிரமப்பட்டவை. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் காலத்தைப் பார்த்து, பின்னால் வரப்போகும் மழைக்குத் தயாராகிற சமவெளி உழவனின் பேச்சு. ஹட்டன், நோர்வூட் பக்கம் ஆடியில் விதைத்தால் விதை ஓடையோடு போய்விடும். தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலம் அது. வைகாசி பிற்பகுதியில் தொடங்கினால் புரட்டாசி வரை விடாது. மலைக்கு அந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளைக்குப் போனால் அதே ஆடி வறண்ட காற்றடிக்கிற மாதம். ஒரே மலையகத்துக்குள்ளேயே ஒரு பழமொழி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பிழைத்துப்போகிறது. ஆனாலும் எங்கள் தாத்தா லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி பீன்ஸ் போடும்போது இதைச் சொல்லிக்கொண்டேதான் போடுவார், அது எந்த மாதமாக இருந்தாலும். “தை பிறந்தால் வழி பிறக்கும்” இன்னும் மோசம். சமவெளியில் தை என்றால் அறுப்பு முடிந்து கையில் நெல்லும் காசும் இருக்கிற மாதம். நுவரெலியாப் பக்கம் தை மாசியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். வெயிலில் கொழுந்து குறைந்தால் சம்பளமும் குறையும். அதற்காக யாரும் அந்தப் பழமொழியைக் கைவிடவில்லை. பொங்கலன்று வீட்டுக்கு வீடு கேட்கும்.

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” இங்கே வேறுவிதமாகச் சிக்கியது. தூற்றுவது என்றால் அடித்த நெல்லை உயரத்திலிருந்து கொட்டிக் காற்றில் பதரைப் பிரிப்பது. காற்று நின்றால் வேலையும் நின்றது. தூற்றுவதற்குப் பழி பேசுவது என்றும் ஒரு பொருள் இருக்கிறதல்லவா? அந்தப் பொருளை மட்டும் அறிந்த ஒரு பையன் வகுப்பில் “சந்தர்ப்பம் கிடைக்கும்போது பிறரைத் திட்டித் தீர்க்க வேண்டும்” என்று எழுதியிருந்தான். களத்துமேடு பார்க்காத பிள்ளையை என்ன சொல்ல.

மாறாக, சில பழமொழிகள் மலைக்கு வந்துதான் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி ஆயின. “விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டு, சீதைக்கு ராமன் சித்தப்பா என்றானாம்” என்பதில் வருகிற ‘விடிய விடிய’ பலருக்கு இன்று வெறும் பேச்சு. தோட்டத்தில் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் உண்மையிலேயே விடிய விடியத்தான் நடக்கும். மாசியில் காமன் கூத்து. பனிக்குப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு இருந்த இடத்திலேயே தூங்கி, தப்புச் சத்தத்துக்கு விழித்து, மறுபடி தூங்கி, காலையில் “அருச்சுனன் ஏன் மரத்துல ஏறுனாரு?” என்று கேட்கிற ஆள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. பழமொழியின் கதாநாயகனே அவர்தான்.

இன்னொன்று, “குன்றின் மேல் இட்ட விளக்கு”. எத்தனையோ மேடைகளில் கேட்டுத் தேய்ந்துபோன தொடர் இது. கரண்ட் போன இரவில் எதிர் மலையில் ஒரே ஒரு லயத்தில் மட்டும் யாரோ குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டு இஸ்தோப்பில் நடப்பார்கள். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, கூப்பிட்டால் கேட்காத தூரம். ஆனாலும் அந்த விளக்கு கதவைத் தாண்டுவது, நிற்பது, குனிவது எல்லாம் தெரியும். ‘ஒளிக்க முடியாது’ என்ற பொருள் அப்போது முதுகில் சில்லென்று ஏறும். தொடர் பழையது. முன்றுறை அரையனார் செய்த பழமொழி நானூறில் இருக்கிறது.

பழமொழி நானூறு பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்று, ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழியை வைத்திருப்பார். அதில் “மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்” என்று வருகிறது. நுணல் என்றால் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற தவளை. கண்ணுக்குத் தெரியாது. பேசாமல் கிடந்தால் யாரும் பிடிக்கமாட்டார்கள். கத்தும், அகப்பட்டுக்கொள்ளும். இன்று நாம் சொல்கிற “தவளை தன் வாயால் கெடும்” இதுதான். இத்தனை நூற்றாண்டில் தவளையின் பேர் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் நுணல் போனதோடு மணலும் போய்விட்டது பார்த்தீர்களா? ஒளிந்திருந்தது என்ற பாதி கழன்று விழுந்துவிட்டது. இப்போது சொல்கிறபோது தவளை அதிகம் பேசியது என்று மட்டும் தெரிகிறது. பேசாமலிருந்திருந்தால் தப்பியிருக்கும் என்பது தெரிவதில்லை. ‘நிறைகுடம் தளும்பாது’, ‘பாம்பின் கால் பாம்பறியும்’ இரண்டும்கூட அந்த நூலிலேயே இருக்கின்றன.

எல்லாப் பழமொழிக்கும் பிறப்பிடம் வயலும் அடுப்படியும் என்று நினைக்கவேண்டாம். சில, புலவர் வாயில் பிறந்து ஊர் வாய்க்கு வந்தவை. “திரைகடல் ஓடியும் திரவியம் தேடு” ஔவையாரின் கொன்றை வேந்தனில் ஒரு வரி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தலைமுறைகள் அதைப் பழமொழியாக்கிவிட்டன. எங்கள் ஆட்களும் திரைகடல் ஓடி வந்தவர்கள்தான். செடியின் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கூட்டிவந்ததாக ஒரு கதை தோட்டத்துக்குத் தோட்டம் சொல்வார்கள். திரவியம் கிடைத்தது யாருக்கு என்பது வேறு கட்டுரை.

சரி, இப்போது வாட்ஸ்அப்புக்கு வருவோம். பழமொழிக்குப் பொருள் தேடுகிறவர் யாரும் அதில் விழாமல் தப்ப முடியாது. “நாம் தவறாகப் புரிந்துகொண்ட பழமொழிகள், உண்மை அர்த்தம் இதோ” என்று ஒரு நீளமான செய்தி வருடத்துக்கு நாலு தடவையாவது வரும். “சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்” என்பது உண்மையில் “சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்” என்பார்கள். சஷ்டி விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது அகத்திலிருக்கும் பையான கருப்பையில், பிள்ளை வரும் என்று விளக்கம். “மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா” என்பது மண் குதிரை அல்ல, ‘மண் குதிர்’, ஆற்று நடுவே சேர்ந்த மண்திட்டு என்பார்கள். “ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்பதில் பேர் அல்ல, வேர். கழுதை அல்ல, கழு என்ற கோரையைத் தைத்த பாய். இப்படியே போகும்.

படிக்கும்போது சுவையாகத்தான் இருக்கும். நானும் முதல் தடவை நாலு பேருக்கு அனுப்பியவன்தான். அனுப்பிவிட்டு யோசித்தேன். சட்டியில் கறி இருந்தால்தான் அகப்பையில் வரும். இதில் விளங்காதது என்ன இருக்கிறது? உள்ளே இல்லாததை வெளியே எதிர்பார்க்காதே என்ற பொருள் நேராக நிற்கிறது. மாதக் கடைசியில் அம்மா வெறும் பருப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு இதைச் சொல்லும்போது எந்த முருகனும் குறுக்கே வரவில்லை. அகம் என்பதையும் பை என்பதையும் ஒட்டிக் கருப்பை என்று ஊர்ப்பேச்சில் யாரும் சொன்னதும் இல்லை. சிரட்டையில் காம்பு செருகிய கரண்டிக்குத்தான் அகப்பை என்று பேர்.

மண் குதிரையும் அப்படித்தான். குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கிற பெரிய மண் கூடு. ஆற்று நடுத் திட்டுக்குத் துருத்தி என்றும் ஆற்றிடைக்குறை என்றும் தமிழில் தனியே சொல் இருக்கிறது. குதிரையை வெட்டிக் குதிராக்க வேண்டிய தேவை என்ன? எங்கள் முன்னோர் வந்த புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் ஐயனார் கோயில்களில் ஆள் உயரத்துக்கு மேல் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும், ஊரே கூடிக் குயவரிடமிருந்து எடுத்து வந்து வைப்பார்கள். பார்வைக்குக் கம்பீரம், ஏறிப்போக உதவாது. அதைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரன் ஆற்றங்கரையில் நின்று இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுட்ட குதிரை தண்ணீரில் கரையாதே என்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். கரையாது, ஆனால் நீந்தவும் செய்யாது. மலைக்கு வந்த இடத்தில் ஐயனார் குதிரைகளுக்கு வசதிப்படவில்லை. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கு, எங்கள் பேச்சில் ஸ்டோரு ரோதைக்கு, காவலாக ரோதைமுனி என்ற சாமி வந்துவிட்டார். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு மண் குதிரை என்றால் விளையாட்டுச் சாமான்தான். ‘குதிர்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

ஒரு பழமொழி திரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் செய்வது இதுதான். முதலில், இப்போதிருக்கிற வடிவத்தின் காட்சி தானாக நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் திரிந்தது என்று சொல்ல அவசியமே இல்லை. அப்புறம், பழைய அச்சுப் புத்தகங்களில் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் மிஷனரியாக இருந்த பேர்சிவல் பாதிரியார் 1840களிலேயே அங்கே ஒரு பழமொழித் தொகுப்பை அச்சிட்டார். அதைப் பெருக்கி 1874இல் சென்னையிலிருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடு வெளியிட்டார். அந்தக் காலத்துத் தொகுப்புகளில் சட்டி சட்டியாகவும் குதிரை குதிரையாகவும்தான் இருக்கின்றன.

அதற்காக எதுவுமே திரியாது என்றும் சொல்லவில்லை. “ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்பதை எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் “ஆளில்லாத ஊருக்கு” என்றுதான் சொல்வார்கள். ஆலை என்றால் இங்கே கரும்பாலை. கரும்பு பிழிகிற ஆலை இல்லாத ஊரில், இனிப்பான இலுப்பைப்பூவைக் காயவைத்து அதையே சர்க்கரையாக்கிக்கொள்வார்கள். நல்லது கிடைக்காத இடத்தில் கிடைத்ததே பெரிது என்ற பொருள். கரும்பாலையும் இல்லாத, இலுப்பை மரமும் இல்லாத மலையில் காது என்ன செய்யும்? பழகிய சொல்லுக்குத் தாவிவிட்டது. ஆளில்லாத ஊரில் சர்க்கரை யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பழமொழி திரிவது என்றால் இப்படித்தான் திரியும். தெரியாத சொல் போய்த் தெரிந்த சொல் வரும். வாட்ஸ்அப் விளக்கங்களில் நடப்பது நேர் எதிர். எல்லாருக்கும் தெரிந்த சட்டியை எடுத்துவிட்டு, யோசித்து விளங்கிக்கொள்ளவேண்டிய ஒன்றை வைக்கிறார்கள்.

ஏன் வைக்கிறார்கள் என்பதற்கும் எனக்கு ஒரு ஊகம் உண்டு. கொஞ்சம் கூச்சம்தான் காரணம். “பெண் புத்தி பின் புத்தி” என்பதற்கு ‘பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறியும் புத்தி’ என்று விளக்கம் சொல்கிறார்கள். நல்ல மனதோடு சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பழமொழி காலங்காலமாகச் சொல்லப்பட்ட நேரம் எது? அம்மா ஏதோ யோசனை சொல்லவும் அப்பா அதை வெட்டிப் பேசுகிற நேரம். அந்த நேரத்தில் அதற்கு இருந்த பொருள்தான் அதன் பொருள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறவை, உடற்குறையைக் கேலி செய்கிறவை என்று பழைய தொகுப்புகளைப் புரட்டினால் இப்படி நிறைய வரும். அவற்றுக்குச் சந்தனம் பூசுவதைவிட, இது கெட்ட பழமொழி, இனிச் சொல்லவேண்டாம் என்று விட்டுவிடுவது சுலபம். பழையது என்பதற்காக ஒன்று ஞானமாகிவிடாது. “பதறாத காரியம் சிதறாது” என்று சொன்ன அதே வாய்தான் “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்றும் சொல்கிறது. அந்த நேரத்துக்கு எது கைகொடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறோம்.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களோடு பழகியதில் இன்னொன்று கண்டேன். நாய்வாலை நிமிர்த்த முடியாது என்று நாம் சொல்வதை அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் வாலை மூங்கில் கணுவுக்குள் போட்டு வைத்தாலும் வளைவு எடுபடாது என்பார்கள். ‘உண புருக்க’ என்று அந்த மூங்கில் துண்டுக்குப் பேர். ஆற்றோரம் மூங்கில் அடர்ந்த இடத்தில் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் லயத்திலும் சிலர் “மூங்கிலுக்குள்ள விட்டாலும்” என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இது எப்போது யாரிடமிருந்து வந்தது என்று யாரும் குறித்து வைக்கப்போவதில்லை. பழமொழி பிறப்பதும் இடம் மாறுவதும் இப்படித்தான், யாரும் பார்க்காதபோது.

அம்மாயி சொல்லி நான் கேட்டது ஒன்று இருக்கிறது. வேறு எந்தத் தோட்டத்திலும் கேட்டதில்லை, எந்தத் தொகுப்பிலும் பார்த்ததில்லை. “கவ்வாத்து மலையில கூடையத் தூக்காத.” எங்கள் லயத்தின் தொங்கலில், அதாவது கடைசி வீட்டில், இருந்தவர் இறந்து எட்டு நாள்கூட ஆகவில்லை. கடைக்காரர் பற்றுக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு இறந்தவரின் மனைவியான அந்த அக்காவிடம் வந்து நின்றார். அம்மாயி இஸ்தோப்பில் இருந்தபடியே அவரைப் பார்த்து இதைச் சொன்னார். கடைக்காரரும் தோட்டத்து ஆள்தான். கொப்பியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கை மகளுக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. உனக்குத் தெரிந்த பழமொழி பத்து எழுதிவா என்று கொடுத்த வீட்டு வேலையில் பத்தாவதாக இதை எழுதினாள். கொப்பி திரும்பி வந்தது. ஒன்பதுக்குச் சரி போட்டு, பத்தாவதுக்கு நேரே சிவப்புப் பேனாவில் ஒரு கேள்விக்குறி, அதன் கீழே “கவ்வாத்து என்றால் என்ன?” என்று எழுதியிருந்தது. அவளுடைய டீச்சர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு தவணைதான் ஆகிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் ஏழாம் நம்பர் மலைக்குள் இறங்கினாள். அங்கே கவ்வாத்து வெட்டி மூன்று வாரம் இருக்கும். ஓர் இலைகூட இல்லாமல் மலை முழுக்க மொட்டைக் குச்சிகள். வெட்டிப் போட்ட மிலாறில் ஒன்றைப் பொறுக்கி, அட்டை இருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டு, பைக்குள் செருகிக்கொண்டு போனாள்.